விமானத்துக்கு அழுக்குப் பூசுகிறவள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சுந்தராம்பாள் சொல்லிவிடுவாள்.

அரியலூரில் ஜெயங்கொண்டம் ரோட்டில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருஷமாகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றி ஏற்றி என்ன நிறமென்றே தெரியாமல் வந்து நிற்கும் டிப்பரை ஒரே வாரத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் அனுப்பிவைப்பேன். துருவும் அழுக்கும் எனக்கு ஜென்ம விரோதிகள். தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மூன்று கோட்டிங் கொடுத்து, பாலீஷும் போட்டு விட்டேன் என்றால் அந்தக் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பழனிவேல் பட்டறை வண்டி என்று தூரத்திலேயே தெரியும்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு மருமகளாக வந்தவள், புதுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கி அதற்கு அழுக்குப் பூசினால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆர்த்திக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. டவுனில் கட்டடங்களுக்குப் பிளான் போடுகிற ஆபீஸில் கம்ப்யூட்டரில் படம் வரைகிறாள். என் மகன் அசோக்குக்கு சிமெண்ட் ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி அவள் வந்தபோது பீரோ, கட்டிலோடு மூன்று அட்டைப் பெட்டிகளும் வண்டியிலிருந்து இறங்கின. உள்ளே பூராவும் பிளாஸ்டிக் விமானங்கள். துண்டு துண்டாக வருமாம், இவள் ஒட்டிப் பெயிண்ட் அடிப்பாளாம்.

"பொம்மையாம்மா?" என்றேன்.

"மாடல், மாமா. நிஜ விமானத்தை அளவு மாறாம முப்பத்திரண்டுல ஒரு பங்கா சுருக்கினது" என்றாள். குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

பட்டறைக்குப் பின்னால் ஸ்டிக்கர் வெட்டுகிற அறை சும்மா கிடந்தது. அதை அவளுக்கு ஒழித்துக் கொடுத்து, என் கம்ப்ரசரிலிருந்து ஒரு காற்று லைனும் இழுத்துவிட்டேன். அவளுடைய ஸ்ப்ரே கன் ஒரு பேனா அளவுதான் இருந்தது. "இதுல பெயிண்ட் அடிச்சா ஒரு கதவு முடிக்க தை பொறந்துடும்" என்று கிண்டல் செய்தேன். ஆனால் அவள் அடித்து முடித்ததைக் குனிந்து பார்த்தேன். பச்சை முடிந்து பழுப்பு தொடங்கும் இடத்தில் விளிம்பு மயிரிழை அளவுக்குக் கலங்கியிருந்தது. ஒரு சொட்டு வழியவில்லை. ஒன்றரை அடி நீளப் பொருளில் அப்படி அடிக்க என் பட்டறையில் ஆள் கிடையாது. எனக்கும் வராது.

மறுநாள் சாயங்காலம் எட்டிப் பார்த்தால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுத்து, வெள்ளிப் பெயிண்டில் தொட்டு, அந்த அழகான இறக்கையின் மேல் ஒத்திக்கொண்டிருந்தாள். பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிகிற மாதிரி.

"ஏம்மா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற டிரைவர் பயந்து உள்ளே ஓடி வந்தான்.

ஆர்த்தி பயப்படவில்லை. "மாமா, இது பறந்த விமானம். ஷோரூம்ல நிக்கிறது இல்ல. இந்த எடத்துல மெக்கானிக் தெனமும் ஏறி எறங்குவாரு. பூட்ஸ் பட்டு பெயிண்ட் போயிருக்கும். ஏணி இடது பக்கம்தான் போடுவாங்க. அதனால இடது பக்கம் நெறைய, வலது பக்கம் கம்மி" என்றாள்.

நான் வலது இறக்கையைப் பார்த்தேன். கம்மியாகத்தான் இருந்தது.

"சரி, இந்தக் கோடு என்ன?" என்றேன். அடிவயிற்றில் ஒரு திருகுக்குப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய்க் கசிவு, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"உங்க லாரில ஆயில் ஒழுகினா எந்தப் பக்கம் போகும்?"

"கீழதான்."

"ஆயிரம் கிலோமீட்டர் வேகத்துல பறக்குறப்ப ஒழுகினா?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கறை நேராகக் கீழே இறங்கியிருந்தது. அதைக் காட்டினேன்.

"அது நின்னுட்டு இருக்கப்ப ஒழுகினது மாமா. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம் இருக்கணும். காரணம் இல்லாம ஒரு புள்ளி வெச்சாலும் பொய்யாயிடும்."

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை லாரியில் எத்தனை கசிவைத் துடைத்திருக்கிறேன்! ஒன்றையாவது இது ஏன் இப்படி ஓடியது என்று நின்று பார்த்ததில்லை. அன்று முதல் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த அறைக்குள் போய் வர ஆரம்பித்தேன். சுந்தராம்பாளின் ஜாடியிலிருந்து கல் உப்பை எடுத்துப் பொடித்துத் தண்ணீர் தொட்டு ஒட்டுவாள், அதன் மேல் பெயிண்ட் அடிப்பாள், காய்ந்ததும் உப்பைத் தட்டிவிடுவாள். உப்பு இருந்த இடமெல்லாம் பழைய பெயிண்ட் உதிர்ந்த மாதிரி ஆகிவிடும். டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வர்ணத்தை நுனி பிரஷ்ஷால் தொட்டு வைத்தால், தகடுகள் சேரும் பள்ளக் கோட்டில் அது தானாக ஓடிப் போய் நிற்கும். வெயிலில் வெளுத்த நிறம் வேண்டுமென்றால் ஐந்தாறு வர்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுத்துவிடுவாள். நான் பெயிண்டர். இதெல்லாம் எவ்வளவு கஷ்டம் என்பது ஊரில் எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த விமானம் ஒரு மிக்-21. அதைச் செய்யச் சொன்னவர் சிறுவாச்சூர் அரங்கநாதன். விமானப் படையில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "மிலிட்டரிக்காரரா?" என்று கேட்டால் "ஏர்ஃபோர்ஸ்" என்று திருத்துவார். ராஜஸ்தான் பக்கம் ஒரு தளத்தில் ஒன்பது வருஷம் ஒரே ஒரு மிக்-21 விமானத்தைப் பராமரித்திருக்கிறார். தினமும் காலையில் அதைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அது எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆர்த்தி செய்த மாடல்களின் படங்களை யாரோ போனில் காட்ட, பஸ் ஏறி விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரே ஒரு போட்டோ. அதில் இளவயது அரங்கநாதன் நிற்கிறார், பின்னால் விமானம் பாதிதான் தெரிகிறது.

முதல் தடவை, பெயிண்ட் அடித்துக் கொஞ்சம் பெயர்த்து, இரண்டு கசிவு மட்டும் வைத்துவிட்டு அவரை வரச் சொன்னாள். பார்த்தார். "நல்லா இருக்கும்மா. கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றார். அது பாராட்டு இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

இவள் ரோஷத்தோடு உட்கார்ந்து புகை, மண், எண்ணெய் எல்லாவற்றையும் ஏற்றினாள். இரண்டாம் தடவை வந்தவர் முகம் வாடிப்போனது. "ஏம்மா, நான் என் விமானத்தை இப்படியா வெச்சிருந்தேன்?" என்றார். மனசு உடைந்துதான் கேட்டார். சுந்தராம்பாள் கொண்டுவந்த காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்.

அன்றைக்கு ஆர்த்தி அழுதாள். "விடும்மா, கெழவனுக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியல" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"அவருக்குத் தெரியும் மாமா. சொல்லத்தான் வரல. நான் எல்லாத்தையும் படத்துல பாத்து செய்றேன். அவரு அதைத் தொட்டுப் பாத்தவரு. அவரு ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு இந்த வேலை தெரியும்னு அர்த்தம்" என்றாள்.

மூன்றாவது தடவைக்கு விஜயதசமியன்று காலை பத்து மணி என்று நாள் குறித்தார்கள். அன்று சாயங்கால ரயிலில் அவர் தாம்பரம் போகிறார். பழைய ஆட்கள் எல்லாரும் அங்கே கூடுகிறார்கள், அவர்களுக்குக் காட்டத்தான் இந்த விமானம். "இந்தத் தடவையும் சரியா வரலன்னா விட்டுடலாம்மா. தப்பா நெனச்சுக்காத" என்று போனில் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் ஆர்த்தி ஆபீஸ் விட்டு வந்ததும் நேராக அந்த அறைக்குள்தான். பாதி அழுக்கை எடுத்தாள். பராமரித்த விமானத்தில் அழுக்கு எங்கே தங்கும், துடைத்த கை எட்டாத இடம் எது என்று யோசித்து யோசித்து வைத்தாள். பெயிண்ட்டும் கறைகளும் முடிந்து மேலே வார்னிஷ் அடித்து நிறுத்தியதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு உடையார்பாளையத்தில் ஒரு லாரி வேலை. இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பி வந்தால் ஆயுத பூஜை.

எங்கள் பட்டறைக்கு ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிசு. அன்று அங்கே ஒரு பொருளும் அழுக்காக இருக்கக் கூடாது. ஸ்பேனர், ஜாக்கி, ஸ்ப்ரே கன், ஏணி, கம்ப்ரசர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்குவோம். அடுக்கினதை மறுநாள் காலை விஜயதசமி பூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து ஒரு தடவையும் மீறினதில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. எனக்கு வருகிற நல்ல எண்ணங்களால்தான் வீட்டில் சண்டையே வரும். இத்தனை லாரிக்காரர்கள் வருகிற இடத்தில், என் மருமகள் செய்த விமானத்தை நட்டநடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அறையைத் திறந்தேன். விமானத்தின் மேலெல்லாம் வெள்ளையும் சிவப்புமாகத் தூசி படிந்திருந்தது. ஜன்னலைச் சாத்தாமல் போய்விட்டாள், டிப்பர் கிளப்பின தூசியெல்லாம் உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், இவ்வளவு உழைத்தவள் என்று நானே உட்கார்ந்து, மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டினேன். ஷாம்பு தண்ணீரில் துணி நனைத்துப் பதமாகத் துடைத்தேன். அதோடு விட்டேனா? நல்ல பாலீஷாக ஒரு கை போட்டேன். மூக்கில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்துவிட்டு, பத்து டிரைவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பொங்கல் பானையோடு ஆர்த்தி வந்தாள். பானையைப் பெஞ்சில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"யாரு மாமா துடைச்சது?"

"நான்தாம்மா! எப்படி இருக்கு பாத்தியா, கண்ணாடி கணக்கா?" என் பல்லெல்லாம் தெரிந்திருக்கும்.

"மாமா, அது அழுக்கு இல்ல. என் வேலை."

"ரோட்டுத் தூசிம்மா..."

"ரோட்டுத் தூசிதான்! நம்ம சுண்ணாம்புக்கல் தூளும் எங்க ஊரு செம்மண்ணும். ஒரு வாரம் வேட்டித் துணில சலிச்சு வெச்ச தூசி. பாலைவனத்துல நின்ன விமானத்துக்கு எங்க தூசி தங்கும், எங்க காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்னு பாத்து பாத்து ஏத்தி வெச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில தூசி உதிராம மேல இன்னொரு வார்னிஷ் அடிச்சு நிறுத்தியிருப்பேன்." குரல் உடைந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு அவரு வராரு மாமா."

சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களை யாருங்க அதுல கை வெக்கச் சொன்னது?"

எத்தனையோ பேர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது அன்றைக்குத்தான். பூஜை நடந்தது. சூடம் காட்டினேன். ஆர்த்தி கண்ணை மூடிக் கும்பிட்டாள், மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. டிரைவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினார்கள்.

"நாளைக்குக் காலையில பூஜை முடிஞ்சதும் எடுத்துப் பண்றேன். முடிஞ்ச வரைக்கும் பாக்கிறேன்" என்றாள் ஆர்த்தி. மூன்று மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை அது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயிண்ட் காய வேண்டாமா?

நான் சாமி முன்னால் போய் விமானத்தைக் கையில் எடுத்தேன்.

"ஐயோ, பூஜையில வெச்சதை எடுக்கக் கூடாதுங்க!" என்று சுந்தராம்பாள் பதறினாள்.

"சாமி என்கிட்ட கோவிச்சுக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று கம்ப்ரசரையும் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஆர்த்தி, பாலீஷ்ல சிலிகான் இருக்கு. அது மேல எதை அடிச்சாலும் ஒட்டாம கண்ணு கண்ணா விலகிப்போகும். மொதல்ல அதை எடுக்கணும். தின்னர் பட்டா பிளாஸ்டிக் இளகிடும், சோப்புத் தண்ணிதான். மூணு தடவை. அது எனக்குத் தெரியும், என்கிட்ட விடு" என்றேன்.

அவள் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

மத்தியானம் முழுக்கக் கழுவினோம், உலர்த்தினோம். பளபளப்பு போக அவள் மங்கல் வார்னிஷ் அடித்தாள். பிறகு மிச்சமிருந்த தூசியை எடுத்து, பூனை முடி பிரஷ்ஷால் ஊதுகிற மாதிரி மறுபடி ஏற்றி, உதிராமல் மேலே இன்னொரு வார்னிஷும் அடித்தாள். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம். ஒன்றே ஒன்றுதான் சரிவரவில்லை. மூக்கின் நுனியில், இன்ஜினுக்குக் காற்று போகிற வாயைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம் உண்டு. அதில் நான் வைத்த குங்குமம் சாயமாக ஊறிவிட்டது. எவ்வளவு துடைத்தும் சிவப்புத் தெரிந்தது.

"வெள்ளியை அடிச்சு மூடிடலாமா?" என்றேன்.

"அங்க மட்டும் புதுசா தெரியும். காரணம் இல்லாத புதுசு. வேணாம் மாமா. அவருகிட்ட நடந்ததைச் சொல்லிடலாம்."

விஜயதசமியன்று பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அரங்கநாதன் வந்துவிட்டார். சலவைச் சட்டை, ஷேவ் செய்த முகம், கையில் பயணப் பை. மேஜை மேல் வைத்திருந்த விமானத்தைப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இறக்கையைப் பார்த்தபோது முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. மூக்குக்கு வந்ததும் புருவம் ஏறிவிட்டது.

"யாரு இங்க குங்குமம் வெச்சது?"

"நான்தாங்க. ஆயுத பூஜைன்னு தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"ஏங்க, அது இன்ஜின் மூச்சு விடுற வாய்ங்க! அங்கே கொண்டுபோய் எவனாவது சந்தனம் குங்குமம் வெப்பானா? ஒரு பூ இதழ், ஒரு சின்னக் கல்லு உள்ள போனா இன்ஜின் காலி. பைலட் உசுரு போயிடும்!" மனிதர் நிஜமாகவே என்னை அடித்துவிடுவார் போலிருந்தது. எனக்கு வருகிற கோபத்தை நான் இன்னொருத்தரிடம் அப்படிப் பார்த்ததில்லை.

ஆர்த்திதான் கேட்டாள். "சார், நீங்க பூஜை போட்டிருக்கீங்களா?"

"போடாம? வருஷா வருஷம் போடுவோம். முன் சக்கரத்துக்கு ஒரு கதவு இருக்கு பாரு, அது மேலதான் ஒத்தை விரல்ல குங்குமம். பூ கிட்டவே வரக் கூடாது. எலுமிச்சம்பழம் கெடையாது. மறுநாள் நான் துடைச்சுடுவேன். ஆனா கதவு மடியுற மூலையில மட்டும் துணி போகாது. அங்க அடுத்த வருஷம் வரைக்கும் செவப்பு இருக்கும்."

"அப்புறம் சார்? துணி போகாத எடம் வேற என்ன?"

அவர் பேச ஆரம்பித்தார். இரண்டு தடவை வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் போன மனுஷன், என்னைத் திட்டின சூட்டில் மடை திறந்தமாதிரி கொட்டினார். எந்த மூடி சரியாகப் பொருந்தாமல் எப்போதும் கசியும், எந்தத் தகட்டை மாற்றினார்கள், மூக்கு வளையத்தில் கல் பட்டு அடிக்கடி நெளிந்து போகும், அதைக் கழற்றி மாற்றாத வருஷமே இல்லை என்றெல்லாம் சொன்னார்.

"மாத்தினா வளையம் மட்டும் புதுசா தெரியுமா சார்?"

"தெரியுமே. வெள்ளையா பளிச்சுன்னு தெரியும்."

ஆர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, டேப் வெட்டிக் குடுங்க."

லாரி நெற்றியில் எழுத்து எழுதப் பிசகில்லாமல் டேப் வெட்டினவன் நான். மூக்கைச் சுற்றி மயிரிழை தப்பாமல் ஒட்டிக் கொடுத்தேன். அவள் வளையத்துக்குப் புது வெள்ளி அடித்தாள். முன் சக்கரக் கதவின் மூலையில் ஊசி முனையால் சிவப்புத் தொட்டு வைத்து, துடைத்தும் விட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் அரங்கநாதன். குரல் இறங்கியிருந்தது. "இடது பக்கம், பைலட் உக்கார்ற எடத்துக்குக் கீழ. வயித்துக்கு அடியில குனிஞ்சு போறப்ப நான் இந்தக் கையை அங்க ஊணுவேன். ஒன்பது வருஷம். கையில கிரீஸ் இருக்குமில்ல? எவ்வளவு துடைச்சாலும் அந்த எடம் மட்டும் கருத்தே கெடக்கும். ஆபீசர் கேப்பாரு, அரங்கநாதன், அது என்னன்னு. நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்."

ஆர்த்தி கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தை எடுத்தாள். "இங்கயா சார்?"

"கொஞ்சம் கீழ."

"இங்க?"

"இன்னும் பின்னாடி. அவ்வளவுதான். அவ்வளவேதான்."

ஒரு கடுகு அளவு கறை. அதை டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் இரண்டு தடவை நீவினாள். ஒரு மனிதன் ஒன்பது வருஷம் கை ஊன்றின இடம் அங்கே வந்து நின்றது. வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. துருவையும் கறையையும் ஜென்மம் பூராவும் அழித்துக்கொண்டே இருந்தவன் நான். ஒரு கறைக்காக நான் கண் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அரங்கநாதன் "ஆமா" என்றும் சொல்லவில்லை, "இல்ல" என்றும் சொல்லவில்லை. ஆர்த்தி பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பையைச் சுவரோரம் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையின் இடது பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பித்தார். மூக்கு, இடது இறக்கை, வால், வலது இறக்கை, மறுபடி மூக்கு. ஒவ்வொரு இடத்திலும் நின்று, குனிந்து, அடியில் பார்த்து, தலையை லேசாக ஆட்டிவிட்டு நகர்ந்தார். எதையும் தொடவில்லை. எங்களையும் அவர் பார்க்கவில்லை. வெளியே டிப்பர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சுற்றி முடித்து இடது பக்கச் சக்கரத்துக்கு நேரே வந்தவர், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்து உட்கார்ந்தார்.

விமானத்தின் எடை ரப்பர் மேல் இறங்கித் தெரிய வேண்டும் என்று ஆர்த்தி சக்கரங்களின் அடிப்பாகத்தைத் துளி ராவித் தட்டையாக்கியிருக்கிறாள். இடது சக்கரத்தில் கை ஒரு இழை கூடுதலாகப் போயிருக்கிறது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றார். "பைலட் வரதுக்குள்ள அடிச்சுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அடிச்சுடறேன் சார்" என்றாள் ஆர்த்தி.

நான் அதற்குள் கம்ப்ரசர் பக்கம் நாலு அடி போயிருந்தேன்.